உள்ளேன் ஐயா

ஊரில் எங்கள் தொடக்கப் பள்ளியில் காலை மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைத் திறப்பார்கள். வாத்தியார் பெயர் சொல்லச் சொல்ல, ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுப்போம். யாராவது வராத நாளில் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சின்ன அமைதி விழும். வாத்தியார் உடனே எழுதிவிட மாட்டார். பேனா காகிதத்துக்கு மேலே நிற்கும். இன்னொரு தரம் அதே பெயரைச் சொல்வார், கொஞ்சம் பலமாக. அப்புறம்தான் பேனா இறங்கும்.

கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் போகப் புறப்பட்டுக் காணாமல் போன எம்எச்370 விமானத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேனா ஞாபகம் வருகிறது. அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

*

2014 மார்ச் 8, சனிக்கிழமை. நள்ளிரவு தாண்டி 12:42-க்குக் கிளம்பியது. போயிங் 777 விமானம். 227 பயணிகள், 12 பணியாளர்கள். 1:19-க்கு விமானி அறையிலிருந்து கடைசிக் குரல்: “குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஜீரோ.” மலேசியக் கட்டுப்பாட்டு எல்லை முடிந்து வியட்நாம் எல்லை தொடங்கும் இடம் அது. ஒரு திண்ணையில் விடைபெற்று இறங்கி, எதிர்த் திண்ணையில் ஏறுவதற்கு முன்னால் கடக்கிற தெருவைப் போல. அந்தத் தெருவில் வைத்து, இரண்டே நிமிடத்தில், ரேடார் திரையிலிருந்து அதன் அடையாளம் மறைந்தது.

1:39-க்கு ஹோ சி மின் நகரக் கட்டுப்பாட்டு அறை கோலாலம்பூரைக் கூப்பிட்டு, விமானம் எங்கே என்று கேட்டது. கேள்வியும் பதிலுமாக நேரம் போனது. மலேசியாவின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் செயலில் இறங்கியது காலை 5:30-க்கு. பெய்ஜிங்கில் விமானம் தரையிறங்க வேண்டிய நேரமே 6:30.

கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. திரும்பி, மலேசியத் தீபகற்பத்தின் குறுக்கே வந்து, பினாங்குக்குத் தெற்கே கடந்து, மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போனதை ராணுவ ரேடார் 2:22 வரை பதிந்திருக்கிறது. மேலே ஏறிப் போய்ப் பார்க்க ஒரு போர் விமானத்தைக்கூட யாரும் அனுப்பவில்லை. விடிந்த பிறகு கப்பல்களும் விமானங்களும் முதலில் தேடப் போனது எதிர்த்திசையில், தென்சீனக் கடலில். ஒரு வாரம் அங்கே தேடினார்கள். 2018-இல் இறுதி அறிக்கை வெளியானதும், விமானக் கட்டுப்பாட்டாளர்களின் தவறுகள் அதில் சொல்லப்பட்டிருந்ததால், மலேசிய சிவில் விமானத் துறைத் தலைவர் பதவி விலகினார்.

விமானம் ஏன் திரும்பியது, யாராவது திருப்பினார்களா என்பது தெரியாமல் இருக்கலாம். அதோடு என்னால் சமாதானமாகிவிட முடியும். தேடப் புறப்பட வேண்டியவர்கள் புறப்படாமல் விட்ட அந்த நான்கு மணி நேரத்தோடு என்னால் சமாதானமாக முடியவில்லை.

*

விடாமல் கூப்பிட்டது ஒரு இயந்திரம்.

இந்தியப் பெருங்கடலுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அன்று நின்றது இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள். அதன் தரை நிலையம் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில். ஒரு மணி நேரம் பேச்சுமூச்சு இல்லாமல் இருக்கிற விமானத்தை அந்த நிலையம் தானாகவே கேட்கும்: இருக்கிறாயா? விமானத்தில் உள்ள கருவியும் தானாகவே சொல்லும்: இருக்கிறேன். பொறியாளர்கள் இதைக் கைகுலுக்கல் என்கிறார்கள். எனக்கு அது வருகைப் பதிவேடு.

அந்தக் கருவி நடுவில் அணைந்து கிடந்து, 2:25-க்கு மறுபடி உயிர் பெற்றது. பிறகு 3:41. 4:41. 5:41. 6:41. 8:11. ஒவ்வொரு தரமும் உள்ளேன் ஐயா. இடையில் 2:39-க்கும் 7:13-க்கும் தரையிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசியில் விமானத்துக்கு அழைத்தார்கள். மணி போனது, எடுக்க ஆள் இல்லை. மனிதர்கள் கேட்டதற்கு மறுமொழி வரவில்லை, இயந்திரம் கேட்டதற்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

8:19-க்கு முறை மாறியது. இந்தத் தடவை தரை கேட்கவில்லை. விமானமே முந்திக்கொண்டு கூப்பிட்டது. எரிபொருள் தீர்ந்து, இரண்டு என்ஜின்களும் நின்று, மின்சாரம் போய்த் திரும்பியதால் கருவி புதிதாகத் துவங்கி இணைப்பு கேட்டிருக்க வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். அந்தச் சமிக்ஞையின் அலைவரிசை, விமானம் வெகு வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது.

9:15-க்குத் தரை நிலையம் மறுபடி கேட்டது. பதில் இல்லை.

*

அந்த ஏழு பதில்களில் இடம் எதுவும் சொல்லப்படவில்லை. ‘இருக்கிறேன்’ என்பது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்க முயன்றார்களே, அந்தக் கணக்கை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

மலையடிவாரத்தில் நின்று கூவினால் எதிரொலி வர ஆகும் நேரத்தை வைத்து மலை எவ்வளவு தூரம் என்று சொல்லலாம். அதுபோல, கேள்வி போய்ப் பதில் வர எடுத்த நேரத்திலிருந்து, செயற்கைக்கோளுக்கும் விமானத்துக்கும் இடையே இருந்த தூரம் கிடைத்தது. தூரம் மட்டும் தெரிந்தால் அது ஒரு புள்ளியாகாது, பூமியின் மேல் ஒரு பெரிய வட்டமாகத்தான் விழும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வட்டம், அதில் விமானம் போயிருக்கக்கூடிய பகுதி ஒரு வில். வடக்கே மத்திய ஆசியா வரை போகலாம், தெற்கே அண்டார்டிகா பக்கம் போகலாம். எது?

ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் ஒலி ஒரு மாதிரியும், கடந்து போகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா? அந்த மாற்றத்தை அலைவரிசையில் தேடினார்கள். இதற்கு முன் யாரும் அந்தப் பதிவுகளை இப்படி வாசித்ததில்லை. விடை தெற்கு என்று வந்தது. மனிதர் குடியிருக்கும் எந்தக் கரைக்கும் அருகில் இல்லாத, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி. கடைசிப் பதிலின் கோட்டுக்கு ஏழாவது வில் என்று பெயர். அதன்பின் கடலடித் தேடல் அதைச் சுற்றியேதான் நடந்தது.

மார்ச் 24 இரவு மலேசியப் பிரதமர் நஜீப் ரசாக் இதை அறிவித்தார். அதே நேரத்தில் விமான நிறுவனம் குடும்பத்தினருக்குச் செய்தி அனுப்பியது. பெரும்பாலோர் சீனர்கள். பெய்ஜிங்கில் லிடோ ஹோட்டலில் பதினாறு நாட்களாக உட்கார்ந்திருந்தவர்கள். பலருக்குச் செய்தி கைபேசியில், குறுஞ்செய்தியாக, ஆங்கிலத்தில் வந்தது: உயிர் தப்பியவர் எவரும் இல்லை என்று எல்லா ஐயத்துக்கும் அப்பால் கருத வேண்டியிருக்கிறது என்று.

எழவு சொல்ல ஊரில் ஆள் அனுப்புவார்கள். வந்தவர் வாசலிலேயே நிற்பார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவார். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் அது.

*

முதல் சில நாட்கள் குடும்பத்தினர் தங்கள் ஆட்களின் கைபேசிக்கு அழைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு மணி அடித்திருக்கிறது. அழைத்தவரின் காதில் மணி கேட்பது, அந்தப் பக்கம் கைபேசி உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாகாது. நெட்வொர்க் அந்த எண்ணைத் தேடும்போதே அழைப்பவருக்கு மணியோசையைக் கொடுத்துவிடும். வல்லுநர்கள் இதைப் பொறுமையாக விளக்கினார்கள். சரியான விளக்கம்தான்.

ஆனாலும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு, துண்டிக்க மனமில்லாமல் கைபேசியைக் காதில் வைத்திருந்த ஒருவரை நினைக்கிறேன்.

*

அப்படிக் காத்திருந்த எங்கள் பெரிய அப்பாயியைப் பற்றி இந்தக் குறிப்பேட்டில் இதுவரை எழுதியதில்லை. எழுதியாக வேண்டும்.

அவர் என் தாத்தாவின் அண்ணன் மனைவி. பெரிய தாத்தா கல்யாணமான மூன்றாம் வருஷம் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா போனவர். பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை. 1941 வரை மணியார்டரும் கடுதாசியும் வந்தன. அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். அதோடு சரி. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துப் போகப்பட்ட ஆயிரமாயிரம் தமிழர்களில் இவரும் இருந்தாரா, தோட்டத்திலேயே காய்ச்சலில் போனாரா, வேறு குடும்பம் கண்டு அங்கேயே தங்கிவிட்டாரா, தெரியாது. கூலிகளின் பெயரை ஒழுங்காக எழுதி வைத்த பதிவேடு அங்கே எவரிடமும் இல்லை.

பெரிய அப்பாயி தாலியைக் கழற்றவில்லை. பூ வைத்துக்கொண்டார், பொட்டு வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க மட்டும் முன்னால் வர மாட்டார். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, அவராகவே பின்கட்டுக்குப் போய்விடுவார். ஆடி அமாவாசைக்கு என் தாத்தா அவருடைய அப்பனுக்கும் பாட்டனுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைப்பார். அண்ணன் பெயரை அந்த வரிசையில் சேர்த்ததே இல்லை. சேர்த்தால் அண்ணனைக் கொன்ற மாதிரி என்றாராம்.

1979-இல் பெரிய அப்பாயி காலமானார். எனக்குப் பத்து வயது. குளிப்பாட்ட எடுத்து உட்கார வைத்துவிட்டு, பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மஞ்சள் பூசுவதா வேண்டாமா? சுமங்கலியா இல்லையா? வாசலில் இருந்த ஆண்களிடம் கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் எங்கள் சின்ன அத்தை குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தார். “தாக்கல் ஏதாச்சும் வந்துச்சா? வரலைல்ல? அப்ப எதுக்கு அழிக்கணும்?” என்று கேட்டுக்கொண்டே, ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்தார்.

முப்பத்தெட்டு வருஷம் ஒரு வீடு ஒரு பதிலுக்குக் காத்திருந்ததன் முடிவை நான் பார்த்திருக்கிறேன். எம்எச்370 குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது யாராவது, “இத்தனை வருஷம் ஆச்சே, இன்னும் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கிறார்களே” என்றால், நான் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுகிறேன்.

*

விமானத்தின் சரக்கறையில் நாலரை டன் மங்குஸ்தான் பழம் இருந்தது. ஜொகூர் மாநிலத்தின் மூவார் பகுதியிலிருந்து பெய்ஜிங் சந்தைக்கு.

குற்றாலத்தில் சீசனுக்கு மங்குஸ்தான் விற்பார்கள். கரும் ஊதாத் தோலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பிளக்கும். உள்ளே பூண்டுப் பற்கள் மாதிரி வெள்ளைச் சுளை. தோலின் சாறு வேட்டியில் பட்டால் போகாது. பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. திறப்பதற்கு முன்பே எண்ணிச் சொல்லிவிடலாம்.

விமானத்தின் சரக்கில் லித்தியம் பேட்டரிகளும் இருந்தன. பழச்சாறு கசிந்து பேட்டரியில் பட்டுத் தீப்பிடித்திருக்குமா என்றுகூடச் சோதித்துப் பார்த்தார்கள் புலனாய்வாளர்கள். அதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று முடிவு. மங்குஸ்தானைக்கூட விடாமல் விசாரித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. ஒன்றையும் விடாமல் கேட்பதும் அஞ்சலிதான்.

பயணிகளில் கோலாலம்பூரில் கண்காட்சி முடித்துத் திரும்பிய சீன எழுத்தோவியர்கள் இருந்தார்கள். மலேசியத் தமிழர்கள் இருந்தார்கள். இந்தியர் ஐவர். அவர்களில் ஒருவர், மீனவர்களின் உரிமைக்காகச் சென்னையில் இருந்து பணியாற்றிய பெண். கடலில் தொலைந்தவர்களின் குடும்பங்களை நன்றாக அறிந்திருந்தவர்.

*

2015 ஜூலை 29. ரெயூனியன் தீவின் சேன்-ஆந்த்ரே ஊர்க் கடற்கரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணில் ஒரு துண்டு பட்டது. ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பரான் என்ற பாகம்.

சேன்-ஆந்த்ரே என்ற பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரெஞ்சு ஆட்சியில் அடிமை முறை 1848-இல் ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கொண்டுபோய் இறக்கிய தீவு அது. அந்த ஊரில் இன்றைக்கும் தமிழ்க் கோயில்கள் இருக்கின்றன, தீமிதி நடக்கிறது. அந்தத் தமிழர்களின் வழிவந்தவர்களை ஊர்க்காரர்கள் ‘மல்பார்’ என்கிறார்கள். மொழி பெரும்பாலும் போய்விட்டது, பெயர்கள் மட்டும் உருமாறி நிற்கின்றன. கடல் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் கரையில், பதினாறு மாதம் மிதந்த ஒரு துண்டு வந்து ஒதுங்கியிருக்கிறது. இதில் பொருள் எதுவும் இல்லை. நீரோட்டம் அப்படி. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

அந்தத் துண்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். விளிம்பெல்லாம் சாம்பல் நிற ஓட்டுயிர்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. கப்பலடியில் ஒட்டுமே, அந்த வகை, நீண்ட காம்போடு. மிதக்கும் பொருளில் மட்டும் குடியேறும் இனம். மரத்தின் வளையம் மாதிரி அவற்றின் ஓட்டிலும் வளர்ச்சி படிந்திருக்கும், எந்த வெப்பத் தண்ணீரில் வளர்ந்தது என்று அதை வைத்துச் சொல்லப் பார்க்கலாம். விஞ்ஞானிகள் அந்த ஓட்டுயிரிடமும் வழி கேட்டார்கள். முழு வழியையும் அதனால் சொல்ல முடியவில்லை.

பிரான்சுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். பெயர்த் தகடு கழன்று போயிருந்தது. உள்ளே இருந்த ஓர் எண், அந்தப் பாகத்தைச் செய்த ஸ்பெயின் தொழிற்கூடத்தின் பதிவோடு ஒத்துப்போனது. செப்டம்பர் 3-ஆம் தேதி பாரீஸ் அரசு வழக்கறிஞர் உறுதி செய்தார்: எம்எச்370-இன் துண்டுதான். ஏதோ ஒரு பட்டறையில், ஏதோ ஒரு ஷிப்டில், ஒரு தொழிலாளி ஒழுங்காகக் குறித்து வைத்த எண். 239 பேரின் கதையில் கையால் தொடக்கூடியதாக முதலில் கிடைத்தது அதுதான்.

பிறகு மொசாம்பிக், மடகாஸ்கர், மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா, தான்சானியா என்று பல கரைகளில் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. அவற்றில் மூன்று உறுதியாக இந்த விமானத்தினுடையவை. மற்றவற்றில் பல, பெரும்பாலும் அப்படித்தான் என்ற அளவில் நிற்கின்றன. ஓர் ஆளும் கரை சேரவில்லை.

*

தேடிய பரப்பு எவ்வளவு என்பதை எண்ணாகப் படித்தால் மனதில் தங்காது. ஆஸ்திரேலியா, மலேசியா, சீனா மூன்றும் சேர்ந்து 1,20,000 சதுர கிலோமீட்டர் கடற்தரையைத் துழாவின. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000. கும்மிடிப்பூண்டியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும், ஓசூரிலிருந்து வேதாரண்யம் வரைக்கும், ஏறக்குறைய அவ்வளவையும் இருட்டில் தடவிப் பார்த்தது போல. ஆழம் பல இடங்களில் 4,000 மீட்டர். தொட்டபெட்டாவைத் தூக்கி அங்கே இறக்கினால், உச்சிக்கு மேலே இன்னும் 1,300 மீட்டருக்கு அதிகமாகத் தண்ணீர் நிற்கும். மேலே கப்பல் போகும். பல கிலோமீட்டர் நீளக் கேபிளின் முனையில் ஒலியால் பார்க்கும் கருவி கடற்தரைக்குச் சற்று மேலாக இழுபட்டுக்கொண்டு வரும். அலை ஆளுயரத்தை மிஞ்சி எழும் தென்கடல். நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வேகம்.

தேடத் தொடங்குமுன் அந்தக் கடற்தரைக்குச் சரியான வரைபடமே இல்லை. முதலில் படம் எழுதிவிட்டுத்தான் தேட முடிந்தது. நிலவின் முகத்தை அதைவிடத் துல்லியமாக நாம் அறிந்திருந்தோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல்கள் இரண்டு அகப்பட்டன. ஒன்றிலிருந்து நிலக்கரி சிதறிக் கிடந்தது. அந்த மாலுமிகளுக்கும் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஆள் காத்திருந்திருக்கும். விமானம் அகப்படவில்லை. 2017 ஜனவரி 17-இல், 1,046 நாட்களுக்குப் பிறகு, தேடலை நிறுத்தினார்கள். மறு வருஷம் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற நிறுவனம், கண்டுபிடித்தால்தான் பணம் என்ற ஒப்பந்தத்தில் இறங்கி இன்னொரு 1,12,000 சதுர கிலோமீட்டர் பார்த்தது. இல்லை.

கறுப்புப் பெட்டியில் ஒரு ஒலிப்பான் உண்டு. தண்ணீரில் விழுந்தால் துடித்துத் துடித்து ஒலி எழுப்பும், 30 நாள். இந்த விமானத்தின் தரவுப் பதிவுக் கருவியில் இருந்த ஒலிப்பானின் பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. இவ்வளவு பெரிய துயரத்தில் ஒரு சின்ன பேட்டரி. அது வேலை செய்திருந்தாலும், கேட்கும் தூரத்தில் அந்த முப்பது நாளில் யாராவது போயிருக்க வேண்டும். இருந்தாலும் இந்த வரியைக் கடக்கும்போது கை நின்றுவிடுகிறது.

*

நான் இப்போது இருப்பது சேலையூரில். தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கம். விமானச் சத்தம் எங்களுக்குக் காக்கைச் சத்தம் மாதிரி.

2016 ஜூலை 22 காலை 8:30-க்கு அந்தத் தளத்திலிருந்து ஒரு ஏஎன்-32 விமானம் போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. 29 பேர். வங்காள விரிகுடாவுக்கு மேலே 23,000 அடியில் இருந்தது இடப்பக்கம் திரும்பி, வேகமாக உயரம் இழந்து, ரேடாரிலிருந்து மறைந்தது. அன்று காலை அது எங்கள் காதில் விழும் தூரத்தில்தான் கிளம்பியிருக்கும். கேட்டேனா என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைவில்லை.

கடற்படை, கடலோரக் காவல்படை, விமானப்படை எல்லாம் தேடின. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக் கப்பல் சாகர் நிதியும் போனது. ஒரு துண்டும் கிடைக்கவில்லை. செப்டம்பரில், 29 பேரும் இறந்ததாகக் கருத வேண்டியிருக்கிறது என்று குடும்பங்களுக்குச் சொன்னார்கள். தேடல் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முடியவில்லை. ஏழரை வருஷம் கழித்து, அதே கழகம், ஆழ்கடலில் தானே நீந்திப் படம் எடுக்கும் ஒரு ஊர்தியை அந்த விமானம் கடைசியாகத் தென்பட்ட இடத்தில் இறக்கியது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர். 3,400 மீட்டர் ஆழம். படங்களில் நொறுங்கிய விமானத்தின் பாகங்கள் தெரிந்தன. ஏஎன்-32-இன் வடிவத்தோடு ஒத்துப்போயின, அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போன வரலாறும் இல்லை. 2024 ஜனவரி 12-இல் அறிவித்தார்கள்.

ஏழு வருஷம் ஒருவரைப் பற்றிச் சேதி இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது நம் சாட்சியச் சட்டம். கடல் அந்தக் கெடுவைத் தாண்டி ஆறு மாதம் கழித்துப் பதில் சொன்னது. ஏன் விழுந்தது என்பதற்கு அந்தப் படங்களில் விடை இல்லை. எங்கே என்பதற்கு இருந்தது. கரையிலிருந்து எந்தத் திசை பார்த்துக் கும்பிட வேண்டும் என்பது அந்தக் குடும்பங்களுக்கு இப்போது தெரியும். பெரிய அப்பாயிக்கு அது கிடைக்கவில்லை.

அந்தச் செய்தி வந்த அன்றுதான், எம்எச்370-ஐத் தேடுவது வீண் செலவு என்ற பேச்சை நான் முழுதாகக் கைவிட்டேன். அதற்கு முன்னால் எனக்குள்ளும் அந்த எண்ணம் லேசாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

*

இறுதி அறிக்கை 495 பக்கம், 2018 ஜூலை 30. உண்மையான காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று அது முடிகிறது. விமானம் திரும்பியது தானியங்கிக் கோளாறால் இருக்க வாய்ப்பில்லை, மனிதக் கையால் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. யார் கை என்று சொல்லவில்லை. வெளியாள் தலையீட்டை ஒதுக்கவும் முடியவில்லை என்கிறது.

ஆதாரம் இந்த எல்லை வரைதான் போகிறது. இதற்கு அப்பால் எழுதப்பட்ட எல்லாவற்றையும் படித்திருக்கிறேன், ஒரு காலத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறேன். விமானியே செய்தார் என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த மனிதருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர்களும் காத்திருப்பவர்கள். கணவனை இழந்ததோடு, கணவன் கொலைகாரன் என்று ஊர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கறுப்புப் பெட்டி மேலே வரும்வரை அந்தத் தீர்ப்பை எழுத எனக்குப் பேனா இல்லை.

இந்த விபத்துக்குப் பிறகு விதிகள் மாறின. பெருங்கடலுக்கு மேலே பறக்கும் பெரிய விமானங்களின் இருப்பிடம் 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது தெரிய வேண்டும் என்று ஆக்கினார்கள். ஒலிப்பானின் ஆயுளை 30 நாளிலிருந்து 90 நாளாக்கினார்கள். இப்போது நாம் பறக்கும்போது வானம் கொஞ்சம் அடிக்கடி பெயர் கூப்பிடுகிறது. 239 பேர் கொடுத்த விலையில்.

*

2025 மார்ச்சில் மலேசிய அரசு ஓஷன் இன்ஃபினிட்டியோடு மறுபடி ஒப்பந்தம் செய்தது. புதிதாக 15,000 சதுர கிலோமீட்டர். கண்டுபிடித்தால் 70 மில்லியன் டாலர், இல்லாவிட்டால் ஒரு காசும் இல்லை. கடல் கொந்தளிக்கும் பருவம் வந்ததும் ஏப்ரலில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இதைப் படிப்பவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எம்எச்370 கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வருகின்றன. காட்டுக்குள் நிற்கும் விமானம், கடலடியில் எலும்புக்கூடுகளோடு கிடக்கும் விமானம் என்று கணினியில் செய்த படங்கள். என் கைபேசிக்கே மாதம் ஒன்றாவது வருகிறது. அடுத்த ஆளுக்கு அனுப்பாதீர்கள். கோலாலம்பூரிலும் பெய்ஜிங்கிலும் சென்னையிலும் அதைத் திறந்து பார்த்துவிடுகிற வீடுகள் இருக்கின்றன. கப்பல் போய்த் தேடி, கிடைத்து, மலேசிய அரசு வாய் திறந்து சொல்லும் வரைக்கும் பொறுத்திருங்கள்.